ஜேப்படித்த பொருள் எங்கே போகிறது?

1585 ஜூலையில் லண்டன் மாநகர நீதி அதிகாரி வில்லியம் ஃப்ளீட்வுட், அரசி முதலாம் எலிசபெத்தின் கருவூலத் தலைவர் பர்லி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பில்லிங்ஸ்கேட் படித்துறைக்குப் பக்கத்தில் வோட்டன் என்பவன் நடத்திய வீட்டைப் பற்றி அதில் ஒரு தகவல் வருகிறது. நல்ல குடும்பத்தில் பிறந்தவன், வியாபாரத்தில் நொடித்துப்போனவன், பிறகு மதுக்கடை வைத்து அதையும் மூடவேண்டி வந்தவன். கடைசியில் அவன் பிடித்த தொழில், சிறுவர்களுக்கு ஜேப்படிக்கக் கற்றுக்கொடுப்பது. வீட்டுக்குள் ஒரு பையும் ஒரு பணமுடிப்பும் தொங்கும். பையைச் சுற்றிலும் வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற சின்னஞ்சிறு மணிகள்; மேலே தேவாலயப் பூசையில் ஒலிக்கும் மணி ஒன்று. ஒரு மணியும் கிணுங்காமல் பைக்குள் இருக்கும் வில்லையை எடுத்தால் ஒரு பட்டம், முடிப்பிலிருந்து வெள்ளிக்காசை எடுத்தால் இன்னொரு பட்டம். படிக்கிறவர்கள் வியப்பதெல்லாம் அந்த விரல்களின் லாகவத்தைத்தான். ஆனால் இப்படி ஒரு பள்ளிக்கூடம் கட்டுப்படியானதற்குக் காரணம் விரல்களில் இல்லை. அவை எடுத்த காசில் இருக்கிறது. காசில் யார் பெயரும் எழுதியிருக்காது. உரியவர் கையில் என்ன மதிப்போ, எடுத்தவன் கையிலும் அதே மதிப்பு. லண்டனின் நானூறு வருட ஜேப்படி வரலாற்றைப் பார்த்தால், திருட்டைப் பெருக்கியதும் சுருக்கியதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது. எடுத்த பொருள் எடுத்தவனுக்குப் பயன்படுமா, அதை வாங்க ஆள் உண்டா? பயணிக்குச் சொல்லும் புத்திமதியும் திருடனுக்குக் கொடுக்கும் தண்டனையும் இதற்குப் பிறகுதான் வரும்.

புத்திமதியை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘பணம் பத்திரம், திருடர்கள் இருக்கிறார்கள்’ என்ற எச்சரிக்கை பழசு. அதைத் திருடர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டதும் ஏறக்குறைய அதே அளவு பழசு. 1590களின் தொடக்கத்தில் ராபர்ட் கிரீன் என்ற எழுத்தாளர் லண்டன் எத்தர்களைப் பற்றித் தொடர்ச்சியாகச் சிறுநூல்கள் வெளியிட்டார். கத்தியால் முடிப்பை அறுப்பவனைக் கையால் எடுப்பவன் ஏளனமாகப் பார்ப்பானாம். தன்னையும் அறுப்பவன் என்று யாராவது நினைத்துவிடக்கூடாதே என்று சாப்பாட்டுக் கத்திகூட வைத்துக்கொள்ள மாட்டானாம். கிரீன் சொல்லும் இன்னொரு சம்பவத்தில், தெருவில் பாடுகிறவர்கள் கூட்டம் சேர்ந்ததும் ‘முடிப்பறுப்பவர்கள் ஜாக்கிரதை’ என்று அக்கறையோடு சொல்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் சட்டென்று தங்கள் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். யார் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது கூட்டத்தில் நின்ற கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. பென் ஜான்சன் 1614இல் அரங்கேற்றிய ‘பார்த்தலோமியோ சந்தை’ நாடகத்திலும் இதுவே நடக்கிறது. ஜேப்படிக்கு எதிரான பாட்டைக் கேட்டபடி, கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு ‘என்னிடம் யார் எடுத்துவிட முடியும்’ என்று நிற்கிறான் ஒரு பணக்காரப் பையன். திருடன் ஒரு வைக்கோல் துரும்பால் அவன் காதில் கிச்சுகிச்சு மூட்டுகிறான். காதைச் சொறியக் கை வெளியே வருகிறது, பணம் போய்விடுகிறது.

எச்சரிக்கையாக இருப்பதால் பயனே இல்லையா என்று கேட்கலாம். தனி ஆளுக்கு நிச்சயம் பயன் உண்டு. பையைத் திறந்துபோட்டு நிற்பவரை விட்டுவிட்டு இறுகப் பிடித்திருப்பவரிடம் யாரும் போகமாட்டார்கள். ஆனால் அதனால் திருட்டு நின்றுவிடுவதில்லை, அடுத்தவரிடம் போகிறது. அதோடு, கவனம் என்பது ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும். அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் ஜேப்படிக்காரரின் தொழில்நுட்பமே. ஒருவர் முன்னால் போய்ச் சட்டென்று நிற்பார், இன்னொருவர் பின்னாலிருந்து மோதுவார், எடுத்த பொருள் அரை நிமிடத்தில் மூன்றாமவரிடம் போய்விடும். கிரீன் காலத்தில் புனித பவுல் பேராலயத்தின் நடுமண்டபத்தில் நடந்ததும் இன்றைக்கு நெரிசலான ரயில் வாசலில் நடப்பதும் இந்த மூவர் வேலைதான். வெளியூரிலிருந்து வந்து வழி தேடிக்கொண்டிருக்கும் பயணியிடம் நாள் முழுக்க விழிப்போடு இரு என்று சொல்வது, அவரால் முடியாததைக் கேட்பது.

அடுத்து தண்டனை. 1565இல் இங்கிலாந்து கொண்டுவந்த சட்டத்தின்படி, ஒருவர் உடம்பிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு, அதாவது 12 பென்ஸுக்கு, மேல் மதிப்புள்ள பொருளை ஜேப்படித்தால் தூக்கு. அதில் ஒரு விசித்திரமான நிபந்தனை: பறிகொடுத்தவருக்குத் தெரியாமல் எடுத்திருக்க வேண்டும். கை உள்ளே போனதை அவர் உணர்ந்துவிட்டால் குற்றம் ஒரு படி இறங்கிவிடும்; கைதேர்ந்தவனுக்குத் தூக்கு, கற்றுக்குட்டிக்கு உயிர். அந்தத் தூக்கு யாரையாவது அச்சுறுத்தியதா? 1611 கிறிஸ்துமஸ் நாளன்று, வைட்ஹால் அரண்மனைத் தேவாலயத்தில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் பிரார்த்தனையில் இருந்தபோதே ஜான் செல்மன் என்பவன் ஒருவரின் பணமுடிப்பை எடுத்துப் பிடிபட்டான். அடுத்த மாதமே அவனைத் தூக்கிலிட்டார்கள். தூக்கு நடக்கும் இடங்களிலேயே ஜேப்படி மும்முரமாக நடந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் பெருங்கூட்டத்தைவிட வசதியான இடம் வேறு ஏது?

தண்டனை கடுமையாக இருந்ததாலேயே அது பெரும்பாலும் நடைமுறைக்கு வரவில்லை என்பதுதான் இதில் முக்கியம். கைக்குட்டை ஒன்றுக்காக ஒரு பையனைத் தூக்குமேடைக்கு அனுப்ப நடுவர்களுக்கு மனம் வரவில்லை. பொருளின் மதிப்பு பத்துப் பென்ஸ்தான் என்றோ, திருடியது உண்மை ஆனால் ‘தெரியாமல்’ திருடவில்லை என்றோ தீர்ப்புச் சொல்லி உயிரைக் காப்பாற்றினார்கள். பறிகொடுத்தவர்களும் வழக்குக்குப் போகத் தயங்கினார்கள். 1775இல் கோவென்ட் கார்டன் நாடக அரங்கில் ருஷ்யப் பிரபு ஓர்லோவின் வைரம் பதித்த மூக்குப்பொடி டப்பியை ஜார்ஜ் பாரிங்டன் எடுத்தான், பிடிபட்டான். டப்பி திரும்பக் கிடைத்ததும் பிரபு வழக்கை விட்டுவிட்டார். பாரிங்டன் மேலும் பதினைந்து வருடம் அதே தொழிலைச் செய்து, 1790இல்தான் ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை பெற்று, பிறகு ஆஸ்திரேலியா போனான். அங்கே பாரமட்டாவில் காவல் பொறுப்பில் அமர்ந்தான் என்பது அந்தக் கதையின் கிண்டல். 1808இல் சாமுவேல் ரோமிலியின் முயற்சியால் ஜேப்படிக்கான தூக்கு ரத்தானது. அதற்குப் பிறகு வழக்குகள் கூடின. ‘பார்த்தீர்களா, பயம் விட்டுப்போயிற்று’ என்றார்கள் எதிர்ப்பாளர்கள். கூடியது குற்றம் அல்ல, புகார் கொடுக்கும் துணிவுதான் என்பது ரோமிலியின் பதில். இரண்டில் எது சரியானாலும், இரண்டரை நூற்றாண்டுத் தூக்குக்கயிறு லண்டன் ஜேப்படியை ஒழிக்கவில்லை என்பதில் சந்தேகமில்லை.

ஒழிக்க முடியாததற்குக் காரணம் தேடினால் வாங்குபவரிடம் போய் நிற்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோனதன் வைல்டு என்பவன் இதை ஊரில் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டான். கணக்குப் புத்தகம், பெயர் பொறித்த கடிகாரம் போன்றவை வெளியே விலைபோகாது. ஆனால் உரியவருக்கு அவை வேண்டும். காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருவதாக அவன் ஓர் அலுவலகமே திறந்தான். திருடர்கள் அவன் ஆட்கள், வாங்க வருகிறவர் பறிகொடுத்தவர். சந்தையே இல்லாத பொருளுக்கு அதன் சொந்தக்காரரையே சந்தையாக்கிவிட்டான். நாடாளுமன்றம் 1718இல் கொண்டுவந்த சட்டம் ஒன்றின் பிரிவு, திருட்டுப்பொருளைத் திருப்பித்தரப் பணம் வாங்குவதையே குற்றமாக்கியது. அந்தப் பிரிவில்தான் வைல்டு மாட்டி, 1725 மே மாதம் டைபர்னில் தூக்கிலிடப்பட்டான். சில்லறைத் திருடர்களை நூற்றுக்கணக்கில் தண்டித்தும் அசையாத அமைப்பு, இடைத்தரகன் மேல் சட்டம் பாய்ந்ததும் அசைந்தது.

கைக்குட்டையின் கதை இதைவிடத் தெளிவானது. மூக்குப்பொடிப் பழக்கம் கறை தெரியாத பெரிய வண்ணக் கைக்குட்டைகளைக் கனவான்களின் அவசியப் பொருளாக்கியது. வங்காளத்திலிருந்து பந்தானாப் பட்டுக் கைக்குட்டைகள் வந்தன. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலிருந்து போன கட்டம்போட்ட துணிகள் அங்கே ‘புலிகாட்’ என்ற பெயரிலேயே அறியப்பட்டன. பின்னாளில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே பெயரில் நெய்து விற்கும் அளவுக்கு அது நிலைத்தது. கனவான்கள் கைக்குட்டையை வைத்ததோ கோட்டின் பின்வால் பையில், தங்கள் கண்ணுக்கே எட்டாத இடத்தில். லேசானது, விலை உள்ளது, ஒன்றுபோல இன்னொன்று இருப்பது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? லண்டனின் ஃபீல்ட் லேன் சந்தில் இவை கடை வாசல்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சார்லஸ் டிக்கன்ஸ் 1837இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் இந்தச் சந்து வருகிறது. அந்த நாவலில் ஃபேகின் கூட்டத்தில் சேரும் சிறுவனுக்குக் கிடைக்கும் முதல் பாடம் திருடுவது அல்ல. கைக்குட்டையில் தைத்திருக்கும் சொந்தக்காரர் அடையாளத்தை ஊசியால் பிரித்தெடுப்பது. பெயர் போனால்தான் பொருள் சரக்காகும் என்பதை டிக்கன்ஸ் நுட்பமாகக் கவனித்திருக்கிறார். அந்த நூற்றாண்டின் பின்பாதியில் மூக்குப்பொடி வழக்கொழிந்தது, ஆலைப் பருத்திக் கைக்குட்டை அடிமாட்டு விலைக்கு வந்தது, கோட்டின் வெட்டும் மாறியது. கைக்குட்டைத் திருட்டுத் தானாகவே தேய்ந்தது.

இதைக் கேட்கும் ஒருவர், 1829இல் லண்டன் மாநகரப் போலீஸ் வந்ததை மறந்துவிட்டீர்களா என்று கேட்கலாம். மறக்கவில்லை. ஆனால் போலீஸ் வந்து எட்டு வருடம் கழித்துத்தான் டிக்கன்ஸ் ஃபீல்ட் லேனைப் பற்றி எழுதினார். பள்ளிக்கூடமும் கூலி உயர்வும் தெருச்சிறுவர்களின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருளை விட்டுவிட்டு ஆளை மட்டும் குறிவைத்த காவல்முறை வேறு கேட்டைச் செய்தது. 1824இன் நாடோடிகள் சட்டம், திருடன் என்று பேர்வாங்கியவர் சந்தேகப்படும்படி சுற்றித் திரிந்தாலே பிடிக்கலாம் என்றது. 1970களில் அதே பிரிவு கறுப்பின இளைஞர்கள் மேல் பாய்ந்து, பெரும் கசப்பை வளர்த்த பிறகு 1981இல் நீக்கப்பட்டது. இதே மனப்பான்மையை ஆங்கிலேயர் இங்கே முழுச் சமூகங்கள் மேல் சுமத்தினார்கள். 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, கள்ளர், குறவர் உள்ளிட்ட பலரைப் பிறப்பாலேயே திருடராக்கியது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920இல் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆளைப் பார்த்துத் திருட்டைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை இது.

பொருளைப் பார்த்துத் தடுத்தவர்களோ, பெரும்பாலும் வங்கிக்காரர்களும் தபால்காரர்களும்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் தபால் வண்டிகளைக் கொள்ளையடிப்பது சகஜமாக இருந்தபோது, பண நோட்டை இரண்டாகக் கத்தரித்து, ஒரு பாதி போய்ச்சேர்ந்த பிறகு மறுபாதியை அனுப்புங்கள் என்று பிரிட்டிஷ் தபால் துறை ஆலோசனை சொன்னது. ஒரு பாதியை வைத்துக்கொண்டு கொள்ளையன் என்ன செய்வான்? தாமஸ் குக் நிறுவனம் 1874இல் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுத்த சுற்றுச்சீட்டும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891இல் கொண்டுவந்த பயணிகள் காசோலையும் இதே யோசனையின் நேர் வாரிசுகள். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொன்று. இரண்டும் ஒத்தால்தான் பணம். தொலைந்தால் புதிது கிடைக்கும். கொண்டுபோகும் பணத்திலேயே பயணியின் பெயர் ஏறியது.

பிறகு செல்போன் வந்தது. கைக்குட்டையைப்போலவே லேசானது, அதைவிடப் பலமடங்கு விலை. 2013இல் ஐபோனில் வந்த பூட்டு, உரியவர் கடவுச்சொல் இல்லாமல் போனை மறுபடி இயக்கவிடாது. அடுத்த ஓரிரு வருடங்களில் லண்டன், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ மூன்றிலும் போன் திருட்டுக் கண்கூடாகக் குறைந்தது. இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: குறைந்த திருட்டு 2020களில் லண்டனில் மீண்டும் ஏறியதே, சைக்கிளில் வந்து கையிலிருக்கும் போனைப் பறிக்கிறார்களே, பூட்டு என்ன ஆயிற்று? பறிப்பவர்கள் கையில் திறந்திருக்கும் போனைக் குறிவைப்பது பூட்டைத் தாண்டத்தான் என்பது உண்மை. ஆனால் பெரும்பகுதி போன்கள் போன இடத்தைப் பாருங்கள். சுமார் 40,000 திருட்டுப் போன்களைச் சீனாவுக்குக் கடத்தியதாகச் சந்தேகிக்கப்படும் கும்பல் ஒன்றைப் பிடித்ததாக லண்டன் போலீஸ் 2025இல் அறிவித்தது. பூட்டிய போனையும் பிரித்து உதிரிபாகமாக விற்கலாம், கட்டுப்பாடு எட்டாத ஊரில் வேறுவிதமாகவும் ஓட்டலாம். புதிய ஃபீல்ட் லேன் கடல் கடந்து திறந்திருக்கிறது, அவ்வளவே. ஒரு சந்தை மூடியபோது திருட்டு இறங்கியது, இன்னொன்று திறந்தபோது ஏறியது. இது என் வாதத்துக்கு எதிரான சாட்சியம் அல்ல.

நகரத்துக்குப் போகும் பயணிக்கு இதிலிருந்து கிடைப்பது எளிமையான ஒரு விதி. எப்படிப் பிடித்துக்கொள்வது என்று கவலைப்படுவதைவிட, எதைக் கொண்டுபோவது என்று யோசிப்பது மேல். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணம், நிறுத்திவைக்கக்கூடிய அட்டை, பூட்டக்கூடிய போன், வீட்டிலேயே இருந்துவிட்ட நகை. அதற்கு மேல் அவரால் ஆவது கொஞ்சம்தான். மீதி நகரத்தின் பொறுப்பு, பொருளைச் செய்பவரின் பொறுப்பு, பில் கேட்காமல் மலிவாக வாங்குபவரின் பொறுப்பு. பறிகொடுத்து நிற்பவரிடம் ‘கொஞ்சம் பார்த்து இருந்திருக்கக் கூடாதா’ என்று கேட்க எல்லாருக்கும் வாய் வருகிறது. பழைய போனைப் பாதி விலைக்கு வாங்கிவந்தவரிடம் ‘இது யாருடையது’ என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டாவது கேள்வி அதிகம் கேட்கப்படும் ஊரில்தான் முதல் கேள்விக்கு வேலை குறையும்.