மீன் முந்தியா, கோடு முந்தியா?

போன மாதம் நண்பர் ஒருவரோடு மயிலாப்பூர் பக்கம் நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்க நின்றிருந்தேன். பேச்சு வழக்கம்போல ராமேஸ்வரத்துக்குப் போயிற்று. கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கடல்ல எங்க சார் கோடு இருக்குது? மீனுக்கு அது தெரியுமா?" நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் கேள்வியை ஒரு அரசே ரொம்ப காலம் தன் வெளியுறவுக் கொள்கையாக வைத்திருந்ததுண்டு. ஆர்க்டிக் விளிம்பில் இருக்கும் நார்வேதான் அது.

நமக்கு நார்வே என்றால் 2002 பிப்ரவரி போர்நிறுத்தமும் எரிக் சோல்ஹைமும்தான். அந்த நாட்டை முதலில் இரட்சகன் என்றோம்; 2009க்குப் பிறகு துரோகி என்றோம். இரண்டு தீர்ப்பிலும் ஒரு விஷயம் விடுபட்டுப் போனது. நார்வேக்கென்று ஒரு வடகடல் இருக்கிறது; அங்கே அதற்கு ரஷ்யா என்ற பெரிய அண்டைவீட்டுக்காரர் இருக்கிறார். அந்த அரசைப் புரிந்துகொள்ள ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

சுவீடனிலிருந்து 1905இல் பிரிந்த நாடு அது. இன்றைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களைவிட அங்கே ஜனங்கள் குறைவு. பீரங்கியை நம்ப முடியாத அரசு ஒப்பந்தத்தை நம்பியது. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஸ்பிட்ஸ்பெர்கன் ஒப்பந்தம் அதற்கு நல்ல உதாரணம். இன்று ஸ்வால்பார்ட் எனப்படும் அந்தத் துருவத் தீவுக்கூட்டத்தின் இறையாண்மை நார்வேக்கு. ஆனால் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் சுரங்கம் தோண்டவும் கையெழுத்திட்ட எல்லா நாட்டவருக்கும் சம உரிமை உண்டு. கடற்படைத் தளமோ கோட்டையோ அங்கே அமைக்கக் கூடாது. 1944 நவம்பரில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ், இதைக் கிழித்துப்போட்டுத் தீவுகளை இருவரும் சேர்ந்து ஆளலாம் என்று நெருக்கினார். 1947இல் நார்வே மறுத்தது. 1949இல் நேட்டோவில் சேர்ந்தது. ஆனால் சமாதான காலத்தில் அந்நியத் தளங்களை அனுமதிப்பதில்லை என்று ரஷ்யாவுக்கு வாக்கும் கொடுத்தது. ஒரு கையில் அமெரிக்கா, இன்னொரு கையில் சமாதானம். 'சிறிய நாடு' என்ற சொல்லாடலுக்குள் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது.

1920 ஒப்பந்தத்தில் இந்தியாவின் பெயரும் உண்டு. நமக்காகக் கையெழுத்துப் போட்டவர் பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டெர்பி பிரபு. நம்மைக் கேட்காமல் கிடைத்த உரிமை அது. நம்மைக் கேட்காமல் போன உரிமை ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருப்பது பேரண்ட்ஸ் கடல். கோட் மீன் குவியும் இடம். எல்லையை நடுக்கோட்டின்படி வகுக்க வேண்டும் என்றது நார்வே. துருவத்தை நோக்கிப் போகும் நேர்கோட்டின்படி வகுக்க வேண்டும் என்றது சோவியத் யூனியன். தகராறுக்குரிய பரப்பு சுமார் 1,75,000 சதுர கிலோமீட்டர். பனிப்போர்க் காலம்; அணு நீர்மூழ்கிகள் உலவும் கடல். அவர்கள் என்ன செய்தார்கள்? கோட்டைத் தள்ளிவைத்துவிட்டு மீனைப் பற்றிப் பேசினார்கள். 1975இல் கூட்டு மீன்வள ஆணையம் வந்தது. விஞ்ஞானிகள் மீன்வளத்தைக் கணக்கிடுவார்கள். அதை வைத்து ஆண்டுதோறும் பிடிப்பளவு முடிவாகும். மற்ற நாடுகளுக்கு உரியது போக கோட் மீனில் ஆளுக்குப் பாதி. 1978இல் 'சாம்பல் மண்டலம்' என்ற தற்காலிக ஏற்பாடு. அந்தப் பரப்பில் அவரவர் தம் படகுகளையும் தாம் அனுமதித்த படகுகளையும் மட்டுமே சோதிக்கலாம். ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்தாயிற்று என்று நார்வேயிலேயே கடும் கண்டனம் எழுந்தது. அப்படியும் வருஷா வருஷம் புதுப்பித்தார்கள். பேச்சு ஆரம்பித்து 40 ஆண்டுகள் கழித்து, 2010 செப்டம்பர் 15 அன்று மூர்மான்ஸ்கில்தான் கோட்டை ஒப்புக்கொண்டார்கள், ஏறக்குறைய சரிபாதி. உக்ரைன் போர் மூண்ட 2022இலும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளிலும்கூட மீன் பங்கீட்டில் உடன்பாடு கண்டார்கள்.

இப்போது பாக் நீரிணைக்கு வருவோம். இங்கே 1974 ஜூனிலேயே கோடு போட்டாயிற்று. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் கோடு. கூடவே இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் பரிமாறி, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று முடித்துவிட்டார்கள். அப்போது நெருக்கடி நிலை. ஜனவரி 31 அன்று தமிழக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது; கேட்பதற்குச் சட்டமன்றமே இல்லை. டெர்பி பிரபுவின் இடத்தில் டெல்லி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். மீனை எண்ணிப் பங்கிட ஒரு கூட்டு அமைப்பு அந்த ஒப்பந்தங்களில் இல்லை. முதலில் கோடு, அப்புறம் துப்பாக்கி.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் பாதிக் கதைதான் சொல்கிறோம். எந்தப் படகில் போய் அந்தக் கோட்டைத் தாண்டுகிறோம்? விசைப்படகில், இழுவை மடியோடு. அந்தப் படகின் வரலாற்றிலும் நார்வே வருகிறது. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்டுக் கொல்லம் அருகே நீண்டகரையில் மீன்வளத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. நார்வேயின் முதல் வளர்ச்சி உதவி அது. நேட்டோவில் சேர்ந்ததை எதிர்த்த சொந்த இடதுசாரிகளைச் சமாதானப்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். வடதுருவத்துப் பயம் அரபிக்கடல் வரை வந்தது இப்படித்தான். சிறு படகுக்கு மோட்டார் பொருத்துவதில் ஆரம்பித்தது இறால் ஏற்றுமதிக்கான இழுவை மடியில் போய் நின்றது. சொந்தக் கரையில் சிறு மீனவருக்காக 1930களிலேயே இழுவைக் கப்பலைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திய நாடு அது. மீனின் முதல் விற்பனையை மீனவர் சங்கங்களின் கையில் கொடுத்த 1938 சட்டமும் அங்கே உண்டு. இங்கே எஞ்சின் வந்தது, சட்டம் வரவில்லை.

இன்று அந்த மடி யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலையை அறுக்கிறது. முப்பதாண்டு யுத்தத்தில் கடலை இழந்திருந்தவர்கள் அவர்கள். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. கோட்டின் இந்தப் பக்கம் நாம் சுடப்படுகிறவர்கள்; அந்தப் பக்கம் நாமே பெரிய அண்டைவீட்டுக்காரர். 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் பேசும் நாம் இதைப் பேசுவதில்லை.

நார்வேயைப் புனிதமாக்கவும் வேண்டாம். மீன்வளம் சரிந்து 1990இல் படகுவாரியாகக் கோட்டா வந்தபோது, முந்தைய ஆண்டுகளில் போதுமான அளவு பிடித்தவர்களுக்குத்தான் உரிமை என்றார்கள். குறைவாகப் பிடித்துக் குறைவாக வாழ்ந்த கடலோரச் சாமி பழங்குடிகள் பலர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். முந்தைய ஆண்டுதான் சாமிகளுக்கெனத் தனி நாடாளுமன்றம் திறந்திருந்தார்கள்! சிறிய நாட்டுக்குள்ளும் சிறியவர்கள் உண்டு.

எனவே ஒப்பந்தம் எதுவாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: மீனைப் பற்றி முதலில் பேசினார்களா, யாருக்காக யார் கையெழுத்திட்டார்கள்? கச்சத்தீவு கோஷம் இரண்டையும் தொடுவதில்லை. அது கோட்டை நகர்த்தச் சொல்கிறது, அவ்வளவே. ராமேஸ்வரம் விசைப்படகுக்காரர், நாட்டுப்படகுக்காரர், யாழ்ப்பாணத்துச் சிறு வலைக்காரர், மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இவ்வளவு மீன்தான் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால், கோடு எங்கே என்பது இரண்டாம் கேள்வியாகிவிடும். அந்த மேசையில் இழுவை மடியை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான் என்பதை இங்கிருந்து யார் முதலில் சொல்லப்போகிறோம்?