ஐந்து வாக்கும் ஒரு மந்திரியும்

தலைவனை மக்கள் தாமே தெரிவதும் உண்டு. மக்கள் அனுப்பிய சபை தெரிவதும் உண்டு. 1785 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாச்சூசெற்ஸ் நாட்டில், மக்கள் வாக்கில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடையாது போகவே, சட்டசபை கூடி ஜேம்ஸ் போடின் என்பவரைத் தேசாதிபதியாகத் தெரிந்தெடுத்தது. நம் இலங்கையிலும் சபையே மந்திரிமாரைத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அக்கதையில் நம் மட்டக்களப்புக்கும் பங்குண்டு.

1931 இல் வந்த டொனமூர் அரசியற்றிட்டம் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை அளித்தது. அரசாங்க சபை அங்கத்தவர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரியும், அவரே மந்திரி. குழுவுக்கு ஏறக்குறைய எட்டுப் பேர். ஆகவே ஐவர் ஒருமித்தால் மந்திரி ஒருவர் உண்டாவார்.

முதற் சபையில் மட்டக்களப்புத் தெற்கின் பிரதிநிதியாகிய எச். எம். மாக்கான் மாக்கார் போக்குவரத்து மந்திரியானார். அட்டன் பிரதிநிதி பெரி சுந்தரம் தொழில் மந்திரியானார். ஏழு மந்திரிமாருள் ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழர்.

1936 இலும் விதி அதுவே, விளைவோ வேறு. ஒவ்வொரு குழுவிலும் பெரும்பான்மை இனத்தவரே மிகும்படி அங்கத்தவர் பங்கிடப்பட்டனர். ஏழு மந்திரிமாரும் சிங்களவராயினர். சீர்திருத்தம் கேட்க ஒருமித்த மந்திரிசபை வேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். இதற்கான கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அவர் தமிழர் என்பதை நாம் மறத்தல் ஆகாது! 1942 இல் அ. மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும் வரை தமிழர்க்கு அங்கே இடமிருக்கவில்லை.

சட்டம் மீறப்படவில்லை, ஒரு வாக்கேனும் களவு போகவில்லை. எனினும் சிறுபான்மையோர் மனம் புண்பட்டது. அப்புண் பின்னர் ஆறவுமில்லை.

வாவிக்கரைக் கோயில்கள் பலவற்றில் குடிவழியாக வண்ணக்கர் வருவதை நாம் அறிவோம். சிறிய குடியாயினும் அதன் பங்கு அதற்குண்டு. அம்முறையிலும் குறையுண்டு, எல்லார்க்கும் அது இடம் அளித்ததில்லை. ஆயினும் தலையெண்ணிக்கை ஒன்றே நீதியாகாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இளைஞர்காள்! நாளை நீங்களும் சபைகளில் அமர்வீர்கள். ஐந்து கை உங்கள் பக்கம் உயரும் வேளையில், உயராத மூன்று கைகளையும் ஒருகால் நோக்குமின்.