ஒரு வட்டும் இரு கணினிகளும்

மடுல்கெல்லத் தோட்டப் பகுதிக்கு அண்மையிலுள்ள புகையிரத நிலையம் வத்தேகம. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த இருப்புப் பாதையின் அகலம் ஐந்தரை அடி. கொழும்பிலிருந்து பாதுக்க வழியாக அவிசாவளைக்குச் சென்ற களனிவெளிப் பாதையின் அகலமோ இரண்டரை அடிதான். இரண்டும் ஒரே திணைக்களத்தின் பாதைகள். எனினும் வத்தேகமவில் சுமையேற்றிய வண்டி பாதுக்கவுக்குச் செல்ல முடியாது. சுமையை இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றியாக வேண்டும். 1990களில் களனிவெளிப் பாதை அகலப்படுத்தப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. வீட்டுக் கணினிகள் உலகிற் பரவத் தொடங்கிய நாட்களில், அவற்றின் வட்டுகளும் இவ்வாறுதான் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றன.

அந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு; பாதுக்கவும் அதில் வருகிறது. 1956இல் இந்நாட்டுக்கு வந்து, 2008இல் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக், 1982இல் வெளியான தமது '2010' என்னும் நாவலை ஆக்கைவ்ஸ் என்ற நிறுவனத்தின் சிறு கணினியில், வேர்ட்ஸ்டார் என்னும் செய்நிரலைக் கொண்டு எழுதினார். நாவல் முழுவதும் ஐந்தங்குல நெகிழ்வட்டு ஒன்றில் அடங்கி, கொழும்பிலிருந்து நியூயோர்க் சென்றது. இறுதி நேரத் திருத்தங்கள் பாதுக்க நிலையத்தின் வழியே செய்மதி மூலம் அனுப்பப்பட்டன. புவியுடன் ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். தாம் எழுதிய வழியிலேயே தமது கையெழுத்துப் பிரதியின் திருத்தங்கள் போகக் காணும் பேறு எத்தனை எழுத்தாளருக்குக் கிடைக்கும்? அடுத்த ஆண்டில், அந்நாவலைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயாம்ஸ் என்பவரோடு கேப்ரோ என்னும் வேறொரு கணினி மூலம் அவர் கடிதத் தொடர்பு கொண்டார்.

கேப்ரோவும் அக்காலத்துப் பல கணினிகளும் ஒரே பணிசெயல் முறைமையின் கீழ் இயங்கின. கேரி கில்டால் என்ற அமெரிக்கர் 1974இல் ஆக்கிய சிபிஎம் அது. அவற்றின் மூளையும் பெரும்பாலும் ஒன்றே. ஸைலொக் நிறுவனம் 1976இல் வெளியிட்ட இசட்-80 என்னும் சில்லு. ஆகவே ஒன்றில் எழுதியதை மற்றொன்றிற் படிக்கலாம் என எண்ணுவது இயல்பு. அங்கேதான் அகலப் பாதையும் ஒடுங்கிய பாதையும் எதிர்ப்பட்டன. எட்டங்குல வட்டுக்கு ஐபிஎம் நிறுவனம் வகுத்த பொது ஒழுங்கு இருந்தது: 77 தடங்கள், தடத்துக்கு 26 கூறுகள், கூறொன்றில் 128 எழுத்துகள். ஐந்தங்குல வட்டுக்கு அத்தகைய பொது ஒழுங்கு ஏற்படவில்லை. ஒஸ்போர்ன் கணினி 40 தடங்களில் தடத்துக்குப் பத்துக் கூறுகளாகக் கூறொன்றில் 256 எழுத்துகளை வைத்தது. கேப்ரோவும் அதே 40 தடம், அதே பத்துக் கூறு. ஆனால் கூறொன்றில் 512 எழுத்துகள். கடையில் விற்ற வெற்று வட்டு ஒன்றே. எழுதியபின் அது அந்தந்தக் கணினியின் தனியுடைமையாகிவிட்டது. ஆப்பிள் கணினியோ காந்தக் குறிகளைப் பதியும் முறையிலேயே வேறுபட்டது. அதனுள் இசட்-80 சில்லைப் பொருத்தி சிபிஎம்மை இயக்கலாம். அயலார் வட்டை மட்டும் அதன் வட்டிறக்கியாற் படிக்க இயலாது.

இதற்குப் பரிகாரம் செய்நிரலாலேயே கிடைத்தது. யூனிஃபோம் என்ற செய்நிரல் கேப்ரோவின் வட்டிறக்கியைப் பிற நிறுவனங்களின் ஒழுங்கையும் படிக்கச் செய்தது. பின்பு ஐபிஎம்மின் கணினி சந்தையை ஆட்கொண்டபோது சிக்கல் இரட்டித்தது. அதன் சில்லு இசட்-80இன் கட்டளைகளை அறியாது. வட்டைப் படித்தாலும், அதிலுள்ள செய்நிரலை ஓட்ட வழியில்லை. எனவே ஒரு கணினி மற்றொன்றாக நடிக்கவேண்டியதாயிற்று. பழைய சில்லின் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, அது என்ன செய்திருக்குமோ அதையே புதிய சில்லு தன் கட்டளைகளாற் செய்து காட்டும். கட்டளை ஒன்றுக்குப் பல கட்டளைகள் செலவாவதால் வேகம் குறையும். பழைய செய்நிரலோ வீடு மாறியதை அறியாமலே ஓடும். ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த தனது பெருங்கணினிகளில் இதே உத்தியைக் கையாண்டு, பழைய வாடிக்கையாளரைக் காத்துக்கொண்டது. சைடெக்ஸ் என்ற சிறு நிறுவனம் சிபிஎம்முக்காக இரு செய்நிரல்களை வெளியிட்டது. ஒன்று வட்டைப் படிக்க; மற்றது நடிக்க. இரண்டும் வேறு வேறு கலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேர்ட்ஸ்டாரிடம் மூன்றாவது தொல்லையும் இருந்தது. சொல்லின் கடைசி எழுத்தில் அது ஓர் இரகசியக் குறியை இட்டு வைக்கும். அக்குறியை அறியாத கணினியிற் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு சொல்லின் வாலும் விகாரமாய்த் தோன்றும்.

தமிழ் எழுதியோருக்கு இந்தத் தொல்லையே பெரிதாயிற்று. இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அதனால், 'அம்மா' என்று அச்சிட்ட இடத்தில், பாமினி இல்லாத கணினி சில ஆங்கில மெய்யெழுத்துகளையும் நடுவில் ஓர் அரைப்புள்ளியையும் காட்டும். யூனிகோட் முறை 1991இலேயே தமிழுக்கென இடம் ஒதுக்கிவிட்டது. ஆயினும் அது வழக்குக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. அதற்குள் எழுதிய மலர்களும் சங்க அறிக்கைகளும் கவிதைகளும் எத்தனையோ வட்டுகளில் ஏறிவிட்டன. இசட்-80 சில்லின் உற்பத்தியை நிறுத்துவதாக 2024இல் அறிவிப்பு வந்தது. அதனால் பெரிய இழப்பில்லை. அதைப்போல் நடிக்கும் செய்நிரல்கள் இன்று கைத்தொலைபேசியிலும் ஓடுகின்றன. வட்டின் காந்தப் பூச்சோ ஈரத்திலும் பூஞ்சணத்திலும் கெடுவது. மழையும் மூடுபனியும் ஓயாத மடுல்கெல்ல போன்ற ஊர்களில் அது இன்னும் விரைவாக நிகழலாம். பழைய வட்டு வைத்திருப்பவர் முதலில் அதன் முழுப் பிரதியையும் ஒரு கோப்பாக எடுத்து, எழுதப் பயன்பட்ட எழுத்துருவையும் அதனோடு சேர்த்துவைக்க வேண்டும். நடிக்கும் கணினியைப் பின்னர் தேடிக்கொள்ளலாம்.