ஹைத்தியின் தெருக்களுக்குப் பெயர் சொன்னவர்கள்



கைப்பேசியைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது நமக்கெல்லாம் பழகிவிட்டது. அந்த வரைபடத்தை யார் வரைகிறார்கள் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். நெடுங்காலம் அது அரசாங்கத்தின் வேலையாக இருந்தது. பொதுமக்கள் அதற்குள் வந்த வரலாற்றில் ஹைத்திக்குத் தனி இடம் உண்டு. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் முன்கதை. நிலத்தைப் பற்றிய தகவல்களைக் கணினியில் அடுக்கடுக்காகச் சேர்த்துப் பார்க்கும் ஜி.ஐ.எஸ். முறை 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் என்பவரின் முயற்சியால் உருவானது. நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்க அந்த அரசு அதைப் பயன்படுத்தியது. பல ஆண்டுகள் அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், பெரிய நிறுவனங்கள் ஆகியவற்றின் கையில்தான் அது இருந்தது. ஓர் ஊரைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததும் வரைபடத்தில் ஏற வேண்டாமா என்ற கேள்வி 1990களில்தான் வலுத்தது.

2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அந்நாட்டு அரசின் வரைபடத் தரவுகளைப் பயன்படுத்த அப்போது பணமும் கட்ட வேண்டியிருந்தது, நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட வேண்டியிருந்தது. ஆகவே விருப்பமுள்ளவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தெருத்தெருவாகப் போய்த் தாங்களே வரைந்தார்கள். அதில் யாரும் சேர்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். பயிற்சி இல்லாதவர்கள் வரைந்ததை நம்ப முடியுமா என்ற சந்தேகம் அப்போது பலருக்கு இருந்தது.

2010 ஜனவரி 12 மாலை 4.53 மணிக்கு ஹைத்தியில் 7.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி இடிந்தது. பல நாடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் வந்து இறங்கின. எந்தச் சாலை எங்கே போகிறது என்று காட்டும் விவரமான வரைபடம் அவர்களிடம் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் முக்கியச் சாலைகள் மட்டுமே இருந்தன.

செயற்கைக்கோள் நிறுவனங்கள் புதிய படங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டன. ஹைத்தியை ஒருநாளும் பார்த்திராத நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து சாலைகளையும், இடிந்த கட்டடங்களையும், வீடிழந்தவர்களின் கூடார முகாம்களையும் படம் பார்த்துக் குறித்தார்கள். சில வாரங்களில் தலைநகரின் விவரமான வரைபடம் உருவானது. மீட்புக் குழுவினர் அதைத் தங்கள் ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு வேலை செய்தார்கள்.

ஆனால், மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானத்திலிருந்து பார்த்தால் தெரு தெரியும், அதன் பெயர் தெரியாது. இடிபாடுகளிலும் முகாம்களிலும் இருந்தவர்கள் 4636 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பெரும்பாலும் ஹைத்தியக் கிரியோல் மொழியில் வந்தன. ‘இன்ன இடத்தில் இருக்கிறோம்’ என்று அந்த ஊர் வழக்கில் சொன்னதை வெளியூர்க்காரர்களால் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளிநாடுகளில் வாழும் ஹைத்தியர்கள்தான் அச்செய்திகளை மொழிபெயர்த்து, அந்த இடம் எது என்றும் காட்டிக்கொடுத்தார்கள். பிறந்து வளர்ந்த ஊரின் நினைவு அவர்களிடம் இருந்தது. கோடு போட அயலார் போதும். பெயர் சொல்ல ஊர்க்காரர் வேண்டும்.

அந்த அனுபவத்திலிருந்து, பேரிடர்களுக்கு வரைபடம் தயாரிப்பதற்கென்றே ஒரு தன்னார்வ அமைப்பு அதே ஆண்டில் முறையாகப் பதிவானது. நம் சென்னையில் 2015 வெள்ளத்தின்போது தண்ணீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்கள் குறித்ததும் இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மீதுதான்.

நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஊருணி, கண்மாய், அதற்குத் தண்ணீர் வரும் கால்வாய், மண்மேடிட்டுப் போன ஓடை ஆகியவற்றின் பெயரும் போக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் வரைபடத்தில் அவை இல்லை. மழை பெருகும் நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல அந்தப் பெரியவர்கள் அப்போது இருப்பார்களா?

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தாத்தா பாட்டியோடு ஒரு மாலை நடந்துவிட்டு வாருங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை வரைபடத்தில் சேருங்கள். தமிழிலேயே எழுதலாம். பொது இடங்களை மட்டும் குறியுங்கள், யாருடைய சொந்த விவரமும் வேண்டாம். செய்தவர்கள் கீழே உங்கள் ஊர்ப் பெயரை எழுதுங்கள். நானும் திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்