பழைய புல்லட்டும் அதன் வரலாறும்

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி ஆகியனவே வரலாற்றுச் சான்றுகள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பட்டியலில் ஒரு மோட்டார் சைக்கிளையும் சேர்க்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஓய்வு பெற்ற பின்னர், சிறுவாச்சூரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில், வெங்காயப் பட்டறைக்கு அருகே, கீற்றுச் சார்ப்பின்கீழ்ப் பல்லாண்டுகளாகத் துருவேறிக் கிடந்த என் தந்தையாரின் புல்லட்டைப் பழுதுபார்க்க முற்பட்டபோதுதான் அந்தக் குறை புலனாயிற்று. அந்த வேலையில் நான் ஒரு சான்றைக் கண்டெடுத்தேன். கண்டெடுத்த கையாலேயே அதில் பெரும்பகுதியை அழித்தும் விட்டேன். அந்தக் கதையைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் இவ்வண்டியின் பூர்வோத்தரத்தைச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தில் ரெடிட்ச் என்னும் ஊரில் சைக்கிள் செய்துவந்த ஒரு தொழிற்சாலை, என்ஃபீல்டு நகரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்துகொடுத்தது. அந்தத் தொடர்பால் தன் சைக்கிளுக்கும் ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பர வாசகம். ஆகையால் பின்னாளில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குத் துப்பாக்கிக் குண்டின் பெயரை வைத்ததில் வியப்பில்லை. அக்கம்பெனியின் முதல் மோட்டார் சைக்கிள் 1901-ஆம் ஆண்டிலும், புல்லட் என்னும் பெயருடைய வண்டி 1932-ஆம் ஆண்டிலும் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பின்சக்கரம் ஊஞ்சலைப்போல் மேலும் கீழும் அசைந்து மேடுபள்ளத்தைத் தாங்கும் அமைப்போடு புதிய புல்லட் உருவாயிற்று. நாம் இன்று பழைய புல்லட் என்று சொல்வது அதன் வழிவந்ததே.

சுதந்திரம் பெற்ற இந்தியா தன் நீண்ட எல்லைகளில் ரோந்து செல்வதற்கு உறுதியான வண்டியைத் தேடியது. நம் இராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் எவ்வளவு காலத்துக்குக் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருப்பது? வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக அவற்றை இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் உடையவர்களுக்கே மோட்டார்த் தொழிலில் இடம் என்று 1953-ஆம் ஆண்டில் அரசாங்கம் உறுதியாகக் கூறிவிட்டது. அதை விரும்பாத ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மறு ஆண்டே கடையைக் கட்டிக்கொண்டு போயின. ரெடிட்ச் கம்பெனி போகவில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸ் என்னும் சென்னை நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1955-ஆம் ஆண்டில் ‘என்ஃபீல்டு இந்தியா’வை அமைத்தது. தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது.

அப்பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. தியாகராசப் பெருமான் கோயிலுக்குப் புகழ்பெற்ற திருவொற்றியூரும் அதன் வடக்கேயுள்ள எண்ணூரும் அந்த ஒரு தலைமுறைக்குள் எப்படி மாறின என்பதைத் தனி நூலாகவே எழுதலாம். 1948-ஆம் ஆண்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1946-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் குழந்தைகளுக்குப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1961-ஆம் ஆண்டில் டயர்த் தொழிலில் புகுந்தது. புல்லட்டும் அதே பாதையில்தான் வளர்ந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். 1957-ஆம் ஆண்டில் உறுப்புகளைச் செய்யும் கருவிகளையே வாங்கினார்கள். 1962-ஆம் ஆண்டுக்குள் எல்லா உறுப்புகளும் இங்கேயே உருவாயின. இதற்கிடையில் தாய்வீடு நொடித்துப்போயிற்று. ரெடிட்ச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த வேலையும் நின்றது. 1977-ஆம் ஆண்டில் திருவொற்றியூர்ப் புல்லட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. கற்றுக்கொடுத்தவர் மறந்த பாடத்தை மாணவன் எழுதி அனுப்பியது போன்ற நிகழ்ச்சி அது. ஆசிரியனாகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு.

இனி என் வண்டிக்கு வருகிறேன். வெங்காய வியாபாரத்துக்காகத் திருச்சிக்கு அடிக்கடி போய்வரவேண்டியிருந்த என் தந்தையார், 1972-ஆம் ஆண்டில் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம். கைப்பிடியிலிருந்து எழும் அதிர்வு இரவில் உறங்கும்போதும் உள்ளங்கையில் இருக்கும் என்பார். பதிவுப் புத்தகத்தில் முதற்பதிவு 1966 என்று இருந்தது. ஆகவே 1966-ஆம் ஆண்டு வண்டி என்றே எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். விட்டத்தைவிட நீளம் மிகுந்திருப்பதால்தான் அது அவசரமில்லாமல் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறது. என் வண்டியில் பிஸ்டன் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பத்து நாள் காத்திருந்தேன். பதினோராம் நாள் அசைந்துகொடுத்தது. பெரம்பலூரில் பல ஆண்டுகள் புல்லட்டே வாழ்வாக இருந்த ஒரு பெரியவர் வாரம் ஒருமுறை வந்து வழிகாட்டினார். டாப்பெட் சரிசெய்ய அவர் அளவுகோல் எதையும் எடுப்பதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வால்வைத் தள்ளும் தண்டு விரலால் உருட்டினால் உருளவேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது, அவ்வளவுதான். என் விரல்களுக்கு அது பிடிபட மூன்று வாரங்கள் ஆயின. வயரிங் முழுவதையும் மாற்றிவிட்டேன். அதில் வரலாறு ஒன்றும் இல்லை, அபாயம் மட்டுமே இருந்தது.

தவறு நேர்ந்தது பெட்ரோல் டேங்கில். தந்தையார் அடித்திருந்த செங்கபில வண்ணம் உரிந்து கிடந்தது. நீரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு இரண்டு நாட்கள் உற்சாகமாகத் தேய்த்தேன். அதன் அடியில் கறுப்பு வந்தது, அதையும் தேய்த்தேன். மூன்றாம் நாள் வந்த பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வாத்தியாரய்யா, தேய்க்கிறதை நிறுத்துங்க. கறுப்புக்கு அடியிலே பச்சை இருக்குது பாருங்க. இது பட்டாளத்து வண்டி.”

“எப்படி அண்ணே சொல்றீங்க?” என்றேன்.

அவர் பின்சக்கர மட்காப்பைத் தடவி, ஈயம் வைத்து அடைக்கப்பட்ட நான்கு துளைகளைக் காட்டினார். பக்கத்துக்கு ஒரு பை தொங்கவிடும் இரும்புச் சட்டத்தை முடுக்கிய இடம் அது என்றார். எஞ்சினில் பொறித்திருந்த எண்ணைத் தாம் அறிந்த வேறு வண்டிகளின் எண்களோடு ஒப்பிட்டு, இது 1966-க்குச் சில ஆண்டுகள் முந்தியது என்றார். இராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட வண்டியை எவரோ வாங்கிக் கறுப்பு அடித்து முதன்முறையாகப் பதிவு செய்திருக்கவேண்டும் என்பது எங்கள் இருவரின் முடிவு. பதிவுப் புத்தகம் பொய் சொல்லவில்லை. அது வண்டி பிறந்த ஆண்டைச் சொல்லவில்லை, பொதுச் சாலைக்கு வந்த ஆண்டைச் சொன்னது. நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டோம்.

ஆனால் அந்தப் பச்சையில் முக்காற்பங்கு அதற்குள் சேறாகக் கரைந்து சாக்கடையில் போய்விட்டது. இராணுவ எண்ணோ அடையாளமோ எழுதியிருந்தால் அது டேங்கின் பக்கவாட்டில்தான் இருந்திருக்கும். அந்த இடத்தைத்தான் நான் முதலில் தேய்த்தேன். திருப்பணி என்ற பெயரில் பழங்கோயில்களில் மணலைப் பீச்சியடித்துச் சுத்தம் செய்து சிற்பங்களின் நுண்மை தேய்ந்துபோனதை வகுப்பில் எத்தனையோ முறை கடிந்து பேசியிருக்கிறேன். அன்று என் கையில் இருந்த உப்புத்தாள் அதைத்தான் செய்தது. அன்றிரவு எனக்கு உணவு இறங்கவில்லை.

இதன் பிறகு எழுந்த கேள்வி கடினமானது. வண்டியை அதன் மூல வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்கிறார்களே, எது மூல வடிவம்? 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய விதி வகுத்தது. மூல வடிவம் மாறாமல் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. வெளிநாட்டிலிருக்கும் என் மகன், இங்கிலாந்தில் செய்த பழைய உறுப்புகளைத் தேடி அனுப்புவதாக எழுதினான். அவற்றைப் பூட்டினால் வண்டியின் மதிப்பு உயருமாம். வேண்டாம் என்றேன். உடைந்த ஒவ்வோர் உறுப்புக்கும் பதிலாக நம் நாட்டில் செய்த ஒன்றைப் பூட்டிப் பூட்டித்தான் இவ்வண்டி இத்தனை காலம் ஓடியிருக்கிறது. அவற்றைக் கழற்றிவிட்டு ரெடிட்ச் உறுப்புகளைப் பூட்டினால், நான் சற்றுமுன் சொன்ன திருவொற்றியூர்க் கதை முழுவதையும் அல்லவா கழற்றிவிடுகிறேன்? பெரியவர் கறுப்பும் பொற்கோடும் வேண்டும் என்றார். திருவொற்றியூரில் டேங்கின் மேல் பொற்கோட்டைக் கையாலேயே இழுக்கும் கலைஞர்களை அவர் தெய்வமாகப் போற்றுபவர். நான் என் தந்தையாரின் செங்கபிலத்தையே அடித்தேன். இது வரலாற்று நியாயம் அன்று, மகனின் நியாயம். பதிவையும் சாதாரண முறையிலேயே புதுப்பித்துக்கொண்டேன்.

அதனைக் கிளப்புவது ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, முகப்பில் உள்ள அம்மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்தவேண்டும். இடப்பக்கம் சாய்ந்த முள் நடுவுக்கு வரும்போது நிறுத்தி, காற்றழுத்தத்தை விடுவிக்கும் சிறு நெம்பை இழுத்து, கிக்கரை இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தி, நெம்பை விட்டு, அதன் பிறகே ஓங்கி மிதிக்கவேண்டும். தவறினால் கிக்கர் எதிர்த்து அடித்துக் காலைப் பதம் பார்த்துவிடும். பின்கட்டில் அது முதன்முறை கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. திங்களும் வெள்ளியும் மதுரகாளியம்மன் சந்நிதி திறந்திருக்கும் நாட்கள் ஆதலால் தெருவெங்கும் கூட்டம். சத்தம் கேட்டு வந்த முதியவர் ஒருவர், உள்ளே எட்டிப் பார்க்காமலே, “உங்கப்பா வண்டிதானே?” என்று கேட்டார்.

டேங்கின் அடிப்புறத்தில், சட்டகத்தின்மேல் அமரும் இடத்தில், உள்ளங்கையளவு பரப்பை நான் தேய்க்கவும் இல்லை, புது வண்ணம் அடிக்கவும் இல்லை. பச்சையும் கறுப்பும் பழைய செங்கபிலமும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. டேங்கைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும்.