காபூலில் பலியான பத்துப்பேர்

2021 ஓகஸ்ட் 26 இல் காபூல் விமான நிலைய வாயிலில் இடம்பெற்ற தற்கொலைக் குண்டுத்தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும் ஏராளமான ஆப்கானியரும் பலியாகினர். மூன்று நாட்களின் பின்னர், வெடிபொருள் ஏற்றியதாகச் சந்தேகித்த வெள்ளைக் கார் ஒன்றை அமெரிக்க ஆளில்லா விமானம் ஏவுகணையால் தகர்த்தது. கொல்லப்பட்ட 10 பேரும் பொதுமக்கள். 7 பேர் சிறுவர்கள். காரைச் செலுத்தியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர். அன்று அவர் ஏற்றியவை தண்ணீர்க் கொள்கலன்கள்.

ஜெனரல் மார்க் மில்லி முதலில் அதனை நியாயமான தாக்குதல் என்றார். ஊடகவியலாளர்களின் புலனாய்வு வெளிவந்த பின்னரே, செப்டெம்பர் 17 இல் பென்டகன் தவறை ஒப்புக்கொண்டது. எவரும் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று டிசெம்பரில் முடிவாகியது.

காபூலில் செய்தியாளர்கள் இருந்தார்கள், உண்மை வெளிவந்தது. அவர்கள் சென்றடைய முடியாத மலைக்கிராமங்களில் மாண்டவர்கள் எந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்?