நெக்டார்: பூவில் ஒன்று, பெட்டியில் இன்னொன்று

வீட்டுக்கு யாரும் வந்தால் மாம்பழ நெக்டார் ஊற்றிக் கொடுப்பது ஐரோப்பாவில் எமக்குப் பழக்கமாகிவிட்டது. சலரோகம் உள்ளவர்களும் "பழச்சாறுதானே" என்று வாங்கிக் குடிக்கிறார்கள். எமது வீட்டிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

நெக்டார் கிரேக்கச் சொல். கிரேக்கத் தேவர்கள் அருந்திய பானம் அது. எமது அமிர்தம் போன்றது. பின்னர் தாவரவியலில் பூக்கள் சுரக்கும் இனிப்பு நீருக்கு அப்பெயர் வந்தது. மகரந்தத்தைக் காவிச் செல்லும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் செடி கொடுக்கும் கூலி அது. தேனீ அதை உறிஞ்சி, நொதியம் சேர்த்து, கூட்டில் சிறகால் விசிறி நீரை வற்றச் செய்தால் தேன் ஆகிறது. நாம் இரண்டையுமே தேன் என்று சொல்லிவிடுகிறோம்.

பெட்டியில் உள்ள நெக்டாரில் பூவின் நீர் இல்லை. பழச்சாறு அல்லது பழக்கூழுடன் தண்ணீர் சேர்த்த பானத்துக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வைத்த பெயர் அது. மாம்பழம், கொய்யா, வாழைப்பழம் போன்றவற்றின் கூழ் தடிப்பானது. அப்படியே குடிக்க முடியாது. ஆகவே இவற்றின் நெக்டாரில் குறைந்தது 25 வீதம் பழம் இருந்தால் போதும். தோடை, அப்பிள், அன்னாசி என்றால் 50 வீதம் வேண்டும். பழச்சாறு என்று விற்பதில் சீனி சேர்க்கக் கூடாது. நெக்டாரில் மொத்த நிறையில் 20 வீதம் வரை சீனியோ தேனோ சேர்க்கலாம்.

கணக்குப் பார்ப்போம். பெட்டியில் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராம் சீனி என்று இருந்தால், 250 மில்லிலீற்றர் குவளையில் 30 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் ஏழரைக் கரண்டி. தேநீருக்கு அரைக் கரண்டி சீனி போடவே யோசிப்பவர்கள் இதை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார்கள்.

பெட்டியின் முன்பக்கத்து மாம்பழப் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பழத்தின் வீதம், 100 மில்லிலீற்றருக்குச் சீனி ஆகிய இரண்டு இலக்கங்களும் பெட்டியிலேயே இருக்கின்றன. விருந்தினருக்கு ஊற்றுமுன் சலரோகம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பதும் உபசாரம்தான்.